விரல் நீட்டுகிறதா உங்கள் பிள்ளை?

பேச்சு வரவில்லையே என்றுதான் தாய்மார்கள் கவலைப்படுவார்கள். பென்னாகரம் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் நான் அதற்கு முன்பே விரலைக் கவனிப்பேன். வாசலில் ஆட்டுக்குட்டி துள்ளினால் மற்ற பிள்ளைகள் விரல் நீட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்க்கும். ஆட்டிசம் உள்ள குழந்தை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் வேண்டுமானால் என் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப்போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மிட்டாய்க் காகிதம் சரசரத்தால் ஓடிவரும். பொம்மை வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே ஆட்டிசம் என்று நான் சொல்லிவிட முடியாது; அது டாக்டர் வேலை.

காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் ஊர் கெட்டி. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், பிள்ளை குழம்பிவிட்டது என்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் பிள்ளை ஏங்கிப்போனது என்பது அடுத்த பழி. எங்கள் ஊரை மட்டும் சொல்வானேன்? 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகும், தாயின் பாசக் குறைவே காரணம் என்று படித்த டாக்டர்களே பல ஆண்டுகள் சொன்னார்கள். பிறகு அது தவறென்று தள்ளப்பட்டது. ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்று சந்தேகிக்கவைத்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையையும் லான்செட் இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது.

"அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான், விடுங்க டீச்சர்!" எனக்குத் தீராத சண்டை இந்தப் பேச்சோடுதான். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதைத் தடுக்கமாட்டேன். அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு வயதாகியும் கையசைத்து டாட்டா காட்டவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவும் அங்கேதான் அனுப்பும். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. பிள்ளையோடு விளையாடிப் பார்த்து, வீட்டாரை விசாரித்துத்தான் முடிவுக்கு வருவார்கள். அந்த முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் வீட்டில் விளையாடும்போது செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். பாட்டியையும் கூட்டிப்போங்கள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே, டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.