ராக் சங்கீதமும் ரோலிங் மில்லும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களிலே, பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கிடையே புகுந்து நீளும்போது எழுகின்ற பேரோசையில் பகல் முழுதும் நின்றுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் குளித்து உடைமாற்றி, மின்சார ரயிலேறிச் சென்னைக்கு ராக் கச்சேரி கேட்கப் புறப்படும் இளைஞர்கள் உண்டு. பகலெல்லாம் சப்தத்தில் உழன்றவர்கள் இரவில் மறுபடியும் சப்தத்தைக் காசு கொடுத்து நாடுவானேன் என்று வீட்டுப் பெரியவர்கள் வியப்பது நியாயமே.

2009-ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஸ்வீடன் தேசத்து ஓபெத் என்னும் ராக் குழுவினர் வந்து வாசித்தார்கள். அத்தகைய கச்சேரியில் மேடையருகே நிற்பவன் காதால் மட்டும் கேட்பதில்லை. வினாடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஒலி, சுமார் எட்டரை மீட்டர் நீளமுள்ள அலையாக பேஸ் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, சட்டையைப் படபடக்கச் செய்து, நெஞ்சுக்கூட்டை உலுக்கி, தரைவழியே குதிகாலிலும் ஏறுகிறது. உட்செவியில் கேட்கும் உறுப்பை ஒட்டியே சரீரத்தின் சமநிலையைக் காக்கும் நுண்ணிய பைகளும் இருக்கின்றன. 90 டெசிபெலைத் தாண்டிய தாளவோசை அவற்றையும் தூண்டுகிறது என்றும், ஊஞ்சலாட்டத்தின் சுகம் அதனால் கிடைக்கக்கூடும் என்றும் டாட், கோடி என்னும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டு எழுதினார்கள்.

இதனினும் ஆச்சரியமானது, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட சோதனை. ஓர் எலெக்ட்ரானிக் இசைக் கச்சேரியின் நடுவே, செவிக்குப் புலப்படாத அதிமந்த ஒலியை இரண்டரை நிமிஷத்திற்கொரு முறை அவர்கள் எழுப்பியும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது எழுந்த வேளைகளில், எழுந்ததென்றே அறியாத ஜனங்கள் ஏறத்தாழ 12 சதவீதம் அதிகமாக ஆடினார்கள்! ஆக, அந்த இளைஞர்கள் தேடிப்போவது வெறும் இரைச்சலை அன்று. ஆயிரம்பேர் சரீரத்தில் ஒருங்கே ஓடும் தாளத்தையே.

ஆனால் மனம் அறியும் இந்தப் பேதத்தை உட்செவியின் ரோம அணுக்கள் அறியமாட்டா. காதொன்றுக்குச் சுமார் 15,000 இருக்கும் அவை, வெள்ளத்தில் சாய்ந்த நாற்றுப்போல் ஓரளவு வரையில் நிமிர்ந்துகொள்ளும். மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலை விதிகள் 90 டெசிபெலில் 8 மணி நேரமும், 100 டெசிபெலில் 2 மணி நேரமும், 105 டெசிபெலில் ஒரே மணி நேரமும்தான் அனுமதிக்கின்றன. மில்லிலேயே அன்றைய அளவைத் தீர்த்துவிட்டு வந்த காதுக்குக் கச்சேரியில் மிச்சமென்ன இருக்கிறது? கச்சேரிக்குப்பின் காதில் ஙொய்யென்று கேட்கும் ரீங்காரம் காலையில் அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுகிறோம். அதுவும் நிச்சயமில்லை, கேட்கும் திறன் முற்றும் மீண்டபிறகும் நரம்பிணைப்புகள் பல அழிந்துகிடந்ததை எலிகளில் குஜாவா, லிபர்மேன் இருவரும் அதே 2009-ஆம் ஆண்டு கண்டார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல், கேளிக்கை அரங்குகளில் எந்தக் கால்மணி நேரத்தின் சராசரியும் 100 டெசிபெலைத் தாண்டலாகாதென்றும், காதடைப்பான்கள் கிடைக்கவேண்டுமென்றும், ஓய்வுக்கு அமைதியான இடம் வேண்டுமென்றும் வரையறுத்தது. மில்லில் கொடுக்கிற சாதாரண ஃபோம் இயர்ப்ளக்கையே நம் இளைஞர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். அது உச்சஸ்தாயியை மிகுதியாகவும் மந்தஸ்தாயியைக் குறைவாகவுமே தடுப்பதால், பாட்டு சற்று மங்கினாலும், நெஞ்சிலும் காலிலும் ஏறுகிற பேஸ் அப்படியே ஏறும்.