பேணுவோரைப் பேணுவோம்

வயது முதிர்ந்த ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், வீட்டார் கண்ணெல்லாம் அவருடைய கட்டிலின்மீதே நிற்கும். கஞ்சி குடித்தாரா, இரவு உறங்கினாரா என்று வருவோரும் போவோரும் கேட்பார்கள். கட்டிலருகே நிற்பவரைப் பார்த்து, "நீ உண்டாயா? நீ உறங்கினாயா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் 60 வயது நிரம்பியோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். வாழ்நாள் நீண்டது மருத்துவம் தந்த நன்மை. ஆனால் நீண்ட வாழ்நாளோடு பக்கவாதம், மறதி நோய், மூட்டுத் தேய்வு முதலியனவும் உடன் வருகின்றன. இவை பத்து நாளில் தீர்வன அல்ல, ஆண்டுக்கணக்கில் நீள்வன. குடும்பமோ சுருங்கிவிட்டது. முன்பு நால்வர் பகிர்ந்து செய்த பணி, இன்று மனைவி, மகள், மருமகள் என ஒருவர் தலையிலேயே விழுகிறது.

முதியோரைப் பேணுவதனால் பேணுபவர் உடல் கெடுமா? 1999ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இதற்கு விடை தரும் முடிவொன்றை வெளியிட்டனர். 66 முதல் 96 வயது வரையுள்ள கணவன் மனைவியரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கவனித்து வந்த ஆராய்ச்சி அது. வாழ்க்கைத் துணையைப் பேணி, அதனால் நலிவுற்றதாகக் கூறியவர்கள் அக்காலத்திற்குள் இறந்துபடும் வாய்ப்பு, அப்பொறுப்பில்லாதவர்களைவிட 63 விழுக்காடு மிகுந்திருந்தது. பேணியும் நலிவில்லை என்றவர்களிடத்தில் அத்தகைய வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. ஆகவே, தாங்கும் அளவைக் கடந்த பாரமே கேடு செய்கிறது என்று கொள்ளலாம். அந்த அளவு எப்போது கடந்தது என்பதை அறிவது எப்படி?

பேணுபவரே வாய்விட்டுச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பெற்ற தாய்க்குச் செய்வதைச் சுமை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனவே உடனிருப்போர் சில குறிகளைக் கண்டு உணர்தல் வேண்டும்.

முதற்குறி உடலில் தோன்றும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்தும், பகலில் ஈடுசெய்ய உறக்கமில்லாமை. தூக்கித் தூக்கி இடுப்பில் நீங்காத வலி. தம் மருந்தை மறத்தல். எங்கள் தெருவில் மாமியாரைப் பேணி வந்த அம்மையார் ஒருவரை நான் அறிவேன். மாமியாரின் மாத்திரைகளை வேளை தவறாது கொடுத்த அவர், தம் நீரிழிவுக்கான இரத்தப் பரிசோதனையை இரண்டு ஆண்டுகளாகச் செய்துகொள்ளவில்லை. காலில் புண் ஆறாதிருப்பதைக் கண்டு கேட்டவள், கல்லூரியில் படிக்கும் அவர் மகள். அவள் தன் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். வாரத்தில் இரண்டு இரவுகளை அவர் ஏற்றுக்கொண்டார். புண் ஆறியது, மாமியாருக்கும் குறைவொன்றும் நேரவில்லை.

இரண்டாவது குறி மனத்தில் தோன்றும். சிறு பிழைக்கும் சினம், சினந்தபின் தனியே அழுகை, எதிலும் விருப்பமின்மை ஆகியவற்றைக் காணலாம். "கை ஓங்கிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்" என்றோ, "இருவரும் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்றோ ஒருவர் சொன்னால், அதனை வெறும் பேச்சென்று விட்டுவிடலாகாது. அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மூன்றாவது குறி அன்றாட வாழ்வு சுருங்குதல். கோயிலுக்குப் போவது நிற்கும். உறவினர் திருமணத்திற்குப் போவது நிற்கும். வேலையையும் விட நேரும். தோழியர் வருகையும் மெல்லக் குறையும்.

நான்காவது குறி, முதியவரின் நிலை மாறுதல். அடிக்கடி விழுதல், இரவில் வெளியே நடந்துவிடுதல், உண்ணும்போது புரையேறுதல், ஒருவரால் தூக்க இயலாமை ஆகியன தோன்றினால், நேற்றுப் போதுமானதாக இருந்த துணை இன்று போதாது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். அசைய இயலாதவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க, இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். அப்படியானால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை! தனியொருவர் நாள்தோறும் அதனைச் செய்வது இயலுமா? புண் வந்துவிட்டால் "கவனிக்கவில்லை" என்று பழிப்பதற்கு முன், அவருக்குத் துணை யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும் அல்லவா?

மாணவ நண்பர்களே, குறி கண்டபின் நீங்கள் செய்யக்கூடியது யாது? "உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டா" என்றே விடை வரும். "சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் பாட்டியோடு நான் இருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மருந்து வாங்குதல், மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் போன்றவற்றை உங்கள் பங்காகக் கொள்ளலாம். வெளியூரில் வாழும் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் நிலைமையை எடுத்துரைக்கலாம்.

வீட்டாரால் மட்டும் முடியாதபோது வெளித்துணையை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், இல்லம் தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். முதியோர் குறித்த வழிகாட்டுதலுக்கு 14567 என்னும் தேசிய உதவி எண் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தறிவதும் நல்ல தொடக்கமே.

விளக்கு எரிய வேண்டுமானால் சுடரைக் காத்தால் மட்டும் போதாது. எண்ணெயும் வார்க்க வேண்டும். பேணுபவர் நலிந்து விழுந்தால், கட்டிலில் கிடப்பவருக்கும் கதியில்லை. உங்கள் வீட்டில் அவ்வாறு நிற்பவர் யாரேனும் உளரா என்று பாருங்கள். இருந்தால், அவரைப் பார்த்தும் நலம் விசாரியுங்கள்.