விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் பென் டிரைவ்

பென் டிரைவைச் செருகியவுடன் திரையில் தெரிய வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். தென்காசியில் எங்கள் வீட்டிலுள்ள விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் எதுவும் தெரியவில்லை. குற்றாலத்தில் மெயினருவியிலும் ஐந்தருவியிலும் எப்போது தண்ணீர் விழுந்தது, சாரல் எத்தனை நாள் நீடித்தது என்று அப்பா ஆண்டுதோறும் டைப் செய்த குறிப்புகள் அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பிளாப்பி டிரைவ் பழுது. கடையில் கேட்டால், "தூக்கிப் போட்டிருங்க அண்ணாச்சி" என்றார்கள். எண்பதைத் தாண்டிய அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

யுஎஸ்பி போர்ட் இருந்தும் பென் டிரைவ் தெரியாததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 98 தொகுப்பில் யுஎஸ்பி மவுஸ், கீ போர்டுக்கான டிரைவர்கள் உண்டு. எல்லா பென் டிரைவ்களுக்குமான பொது டிரைவர் இல்லை. அது 2000ல் வந்த விண்டோஸ் 2000, விண்டோஸ் மி ஆகியவற்றில் தரப்பட்டது. அதனால்தான் அந்நாளைய பென் டிரைவ்கள் பலவற்றுடன் டிரைவர் சிடியும் வந்தது.

இக்குறையைப் போக்க ஆர்வலர்கள் தயாரித்த என்யுஎஸ்பி என்ற இலவச டிரைவர் தொகுப்பு உள்ளது. இது விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புக்கானது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், 4.10.2222 ஏ என்றிருந்தால் அது இரண்டாம் பதிப்பு.

பென் டிரைவ் இயங்க டிரைவர் வேண்டும். டிரைவரைக் கொண்டுவர பென் டிரைவ் வேண்டும்! நல்லவேளை, சிடி டிரைவ் வேலை செய்தது. கல்யாண வீடியோ எழுதித் தரும் ஸ்டுடியோவில் தொகுப்பை ஒரு சிடியில் எழுதி வாங்கினேன்.

அவசரப்பட்டு உடனே இன்ஸ்டால் செய்தேன். பலனில்லை. முன்பு பதிந்த டிரைவர்களை முதலில் நீக்க வேண்டுமாம். பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து, டிவைஸ் மேனேஜரில் பழைய பென் டிரைவ், யுஎஸ்பி 2.0 கண்ட்ரோலர், அன்நோன் டிவைஸ் என்றிருந்த அனைத்தையும் ரிமூவ் செய்தேன். பிறகு மீண்டும் இன்ஸ்டால், ரீஸ்டார்ட். டிரைவ் வந்தது, ஆனால் திறக்கவில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் அது; விண்டோஸ் 98 அதைப் படிக்காது. புதிய கம்ப்யூட்டரில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து கொண்டுவந்தேன். (ஃபார்மட் செய்தால் உள்ளதெல்லாம் அழியும், ஜாக்கிரதை.)

யுஎஸ்பி 1.1 போர்ட் விநாடிக்குச் சுமார் 1 எம்பிதான் தரும். பொறுமை வேண்டும்.

ஃபைல்களை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தவை புதிய கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த அந்த எழுத்துருவையும் காப்பி செய்து, புதியதில் இன்ஸ்டால் செய்தேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். "இந்த வருஷச் சாரலையும் இதுலயே சேத்திரு" என்றார்.