காதிற் பூவும் கனல் கக்கும் நாகமும்

மாயக் கதை என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். அது சின்னப் பிள்ளைகள் படிப்பது என்று ஒரு சாரார் ஒதுக்குவர். படிக்கிற பிள்ளையைக் கெடுப்பது என்று மற்றொரு சாரார் பதறுவர். இவ்விரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மாயக் கதைக்கு மிகக் கடுமையான தீர்ப்பு வழங்குவோர் அதைப் படிக்காத பெரியவர்கள் அல்லர். விழுந்து விழுந்து படிக்கும் சிறுவர்களே. அத்தீர்ப்பு பெரும்பாலும் இரண்டே சொற்களில் வரும்: காதில் பூ!

இந்த வழக்கை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்ப முடியாததை நம்பச் சொல்லித் தலையில் கட்டுவதற்கு அப்பெயர். சித்திரக்கதை வாசகர்கள் இதை ஒரு திறனாய்வுச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் கதைகளுக்கு அவர்கள் தாராளமாகச் சூட்டிய பூ அது. ஆனால், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிற இரும்புக்கை மாயாவிக்கு அவ்வளவு பூ விழவில்லை. மனிதன் மறைந்துபோவது மட்டும் நடக்கக் கூடியதா என்ன? பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை? இதை ஆராயப் புகுந்ததே இக்கட்டுரை.

அந்த இருவரும் தமிழ் பேசக் கற்றது நம் சிவகாசியில்தான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பிறகு பட்டாசு வந்தது, காலண்டர் வந்தது. அச்சு இயந்திரங்கள் பெருகின. இத்தகைய ஊரில் சித்திரக்கதை இதழ் தோன்றியதில் வியப்பில்லை. 1972 ஜனவரியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. நம் கல்லூரிக்குள் புதிதாக நுழையும் மாணவரின் வயது!

இனி மாயாவியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1962இல் ‘வேலியண்ட்’ என்ற ஆங்கில வார இதழில் பிறந்தவன் அவன். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருப்பெற்றவன். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பெற்றவன். அவன் மறைய வேண்டுமானால் மின்சாரம் பாய வேண்டும். மின்சாரம் கிடைக்காத இடத்தில் அவனும் நம்மைப் போன்றவனே. மறைந்தாலும் இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சிறிது நேரத்தில் மாயம் கலைந்து உருவம் வெளிப்பட்டுவிடும். ஆக, ஒரு வரத்துக்கு மூன்று கட்டுப்பாடுகள். பக்கத்தைப் புரட்டும் சிறுவன் மாயாவிக்காக சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்று தேடுகிறான். அவனும் கதைக்குள் ஒரு வேலைக்காரன் ஆகிவிடுகிறான்.

ஸ்பைடரோ வேறு வகை. அவனுக்குப் பின்னாளில் கதை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். ஆற்றல் மிக்க எழுத்தாளர்தான். எனினும் ஸ்பைடருக்கு இடர் வரும்போதெல்லாம் அதற்கென்றே ஒரு புதிய கருவி அவன் கையில் முளைத்துவிடும். முளைக்கும் என்று தெரிந்த பின் வாசகன் எதற்காகப் பதற வேண்டும்? இங்கேதான் பூ விழுகிறது. நடக்க முடியாததைச் சொன்னதற்காக அன்று. தான் சொன்ன விதியைத் தானே காற்றில் விட்டதற்காக. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பைடரை மாயாவிக்கும் மேலாகக் கொண்டாடுவோர் ஒரு பெருங்கூட்டம். பூ என்று தெரிந்தே மணக்க மணக்கச் சூடிக்கொள்பவர்கள் அவர்கள். அவர்களோடு வாதிட்டு வென்றவரை நான் கண்டதில்லை.

இந்த விதி மேனாட்டுச் சரக்கு மட்டும் என்று எண்ண வேண்டா. 1947 ஜூலையில் தோன்றிய அம்புலிமாமாவை எடுத்துக்கொள்வோம். விக்கிரமன் வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அவன் தலை வெடித்துச் சிதறும். பேசினாலும் தோல்வி, பேசாவிட்டாலும் சாவு! பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாவோ அதே கட்டுக்குள் புதிது புதிதாகக் கதைகளைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. ஓவியர் சங்கர் வரைந்த அந்த வாளும் தோள்மேற் பிணமும் எத்தனை தலைமுறைக்கு மனப்பாடம்! விதி உறுதியாக இருந்ததால்தான் கதை சலிக்கவில்லை.

இப்போது நாகத்துக்கு வருவோம். நெருப்புக் கக்கிப் பறக்கும் அந்த விலங்குக்கு நம்மிடம் நிலைத்த பெயர் இல்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘வலுசர்ப்பம்’ என்றது. அழகான சொல், ஏனோ கதைகளுக்குள் வரவில்லை. இன்று எல்லோரும் ‘டிராகன்’ என்றே சொல்லிவிடுகின்றனர். சீனத்து டிராகன் நெருப்புக்கு அன்று, மழைக்கு உரியது. ஆற்றுக்கும் மேகத்துக்கும் தலைவன். வானம் பார்த்த நம் கரிசற் காட்டுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும்! ஐரோப்பிய டிராகனோ பொன்னைக் குவித்து அதன்மேல் படுத்துக்கொண்டு ஊரை எரிப்பது.

இங்கிலாந்தின் கிரெசிடா கவல் 2003 முதல் 2015 வரை பன்னிரண்டு நூல்களாக ஒரு டிராகன் தொடரைச் சிறுவர்களுக்காக எழுதினார். தலைவன் ஹிக்கப் வைக்கிங் குலத்துச் சிறுவன், நோஞ்சான். அவனுக்கு வாய்த்த டிராகன் அதனினும் சிறியது. சொன்ன பேச்சுக் கேளாதது. அக்கதை 2010இல் திரைப்படமாயிற்று. படத்தைக் கண்ட சிறுவர்கள் நூலையும், நூலைப் படித்தவர்கள் படத்தையும் குறை சொல்வதுண்டு. நூலில் பொடியாக இருந்த டிராகன் படத்தில் ஆளைச் சுமந்து பறக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டதே என்பது முதன்மையான வழக்கு. எனக்குப் படத்தின் ஓர் இடம் மிகவும் பிடித்தது. டிராகன்களுக்கு ஒரு மூச்சில் இத்தனை முறைதான் நெருப்பு என்று அங்கே பாடம் நடக்கிறது. கிராங்கிள் என்ற வகைக்கு ஆறு. ஆறும் தீர்ந்தால் அதன் வாயில் வெறும் காற்றுதான். எதிரே நிற்கும் சிறுவன் எண்ணிக்கொண்டே ஓடலாம்.

இதை விடுதி நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது அவர்கள் சிரித்த சிரிப்பு மறக்காது. சர வெடியையும் வாண வெடியையும் எண்ணியே வளர்ந்தவர்கள் அல்லவா? பெட்டியில் எத்தனை ‘ஷாட்’ என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனைதான் மேலே போகும் என்பது நம் பக்கத்துப் பிள்ளைக்குப் பாலபாடம்.

டோல்கின் 1937இல் எழுதிய ‘தி ஹாபிட்’ கதையில் ஸ்மாக் என்ற டிராகனின் மார்பில் கவசமற்ற ஓரிடம் உண்டு. அம்பு பாய்வது அங்கேதான். உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்ஸீ கதைகளில் டிராகனின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனோடு பேரம் பேச முடியும். டோல்கின் வெறும் கதாசிரியர் மட்டுமல்லர். 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு பேருரையே நிகழ்த்தினார். கதைக்குள் ஓர் இரண்டாம் உலகம் உண்டு, அதன் சட்டங்களுக்கு அது உண்மையாக நடக்கும் வரை உள்ளே நிற்பவன் நம்புவான், சட்டம் உடைந்த கணத்தில் அவன் வெளியே தள்ளப்படுவான் என்பது அவர் கருத்து. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் நீண்ட உரையில் நிறுவியதை நம் வாசகன் காதில் பூ என்று முடித்துவிட்டான்!

தீயை விதியோடு பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், உராய்வு கூடாது என்பவை இங்கே வீட்டுப் பேச்சு. அவ்விதி மீறப்பட்டால் நடப்பது கதை அன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஊரின் பெயர் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கிறது. நெருப்பு தன் விருப்பம்போல் நடப்பதில்லை என்று அறிந்த வீட்டுப் பிள்ளையிடம் விருப்பம்போல் நெருப்புக் கக்கும் டிராகனைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியுமா?

இன்னொன்றையும் இங்கே எழுதாமல் இருக்க இயலவில்லை. முத்து காமிக்ஸ் தமிழகமெங்கும் விற்ற அதே ஆண்டுகளில், விடியுமுன்னே வண்டியேறிச் சிவகாசிக்கு வந்து தீக்குச்சி அடுக்கியும் லேபிள் ஒட்டியும் கூலி பெற்ற சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கானோர். புலியும் சிங்கமும் அவர்கள் விரல் வழியே ஓடின. அடுத்த தெருவில் அச்சான மாயாவியை அவர்களில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டிப் படித்திருக்க முடியும்? தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அத்தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கையில் ஒரு மாயக் கதையைக் கண்டதும் தேர்வுக்கு உதவாது என்று பிடுங்குவோரிடம் நான் ஒன்றே கேட்பேன். பிழைப்புக்கு உதவுவதை மட்டும் செய்து கழிந்த பிள்ளைப் பருவங்கள் இவ்வட்டாரத்தில் போதாவா? அதிலும், வீட்டில் வேறு புத்தகமே இல்லாத பிள்ளைக்குப் படத்தோடு வந்த கதைதான் முதல் வாசகம்.

குறை சொல்ல வேண்டுமானால் எழுதுவோரைச் சொல்லலாம். கிரெசிடா கவலின் தொடரைத் தேடும் நம் பள்ளிச் சிறுவன் பெரும்பாலும் ஆங்கில நூலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாலு பக்கத்தில் மூச்சு வாங்கி அதைத் திருப்பி வைத்துவிடுகிறான். நமக்கென்றும் ஒரு விலங்கு இல்லாமல் இல்லை. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் யாளிகள் முன்னங்காலைத் தூக்கியபடி நானூறு ஆண்டுகளாக நிற்கின்றன. சிங்க உடல், துருத்திய விழி, சிலவற்றுக்கு யானைத் துதிக்கை. அது எதைத் தின்னும், எப்போது உறங்கும், எதற்கு அஞ்சும், யார் கூப்பிட்டால் தூணை விட்டு இறங்கும்? கேட்டால் சிறுவர்கள் ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள்.