களத்துமேட்டில் ஏழையின் பங்கு

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



தொழுகையின் நேரத்தை நமக்குப் பாங்கு அறிவிக்கிறது. நோன்பின் வருகையைப் பிறை அறிவிக்கிறது. கையிருப்புப் பணத்திற்கும் நகைக்கும் உரிய ஜகாத்தை ரமலான் மாதத்தில் கணக்கிட்டுக் கொடுக்கும் வழக்கமும் அல்ஹம்துலில்லாஹ், நம் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. ஆயினும், கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற வேளாண் பூமியில் வாழ்வோருக்கு மற்றொரு கடமையும் உண்டு. அதன் நேரத்தைப் பாங்கும் அறிவிப்பதில்லை; பிறையும் அறிவிப்பதில்லை. முற்றிய கதிரும் பழுத்த குலையும்தாம் அறிவிக்கின்றன. அதுவே விளைச்சலுக்குரிய ஜகாத். அரபியில் இதனை உஷ்ர், அதாவது பத்தில் ஒன்று, என்பர்.

தங்கத்தின் ஜகாத்தைத் தவறாமல் கொடுக்கும் நம்மில் பலர், நெல்லின் ஜகாத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வருத்தத்திற்குரிய உண்மை. மறுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எடுத்துச் சொல்வார் இல்லாததே குறை. எனவே இந்த உரையில் அதன் சட்டங்களைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

அறுவடை நாளின் கடமை

பயிர்களையும் பழத்தோட்டங்களையும் படைத்தவன் தானே என்று நினைவூட்டும் அல்லாஹ், அவற்றின் விளைச்சலை உண்ணுமாறு அனுமதித்துவிட்டு, அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் ஆணையிடுகிறான் (திருக்குர்ஆன் 6:141). பூமியிலிருந்து அவன் வெளிப்படுத்தித் தந்தவற்றில் நல்லவற்றையே செலவிட வேண்டும், கழிவானவற்றைத் தேடி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் அவனது கட்டளையே (2:267).

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பணத்திற்கும் தங்கத்திற்கும் ஜகாத் கடமையாக ஓராண்டு நிறைவடைய வேண்டும். விளைச்சலுக்கு அந்த நிபந்தனை இல்லை. விளைந்து கைக்கு வந்தவுடன் கடமை வந்துவிடுகிறது. ஓராண்டில் இருபோகம் விளைந்தால் இருமுறையும் கொடுக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு என்பதால், ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. அறுவடையோ பருவத்தைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே, ரமலான் வரட்டும், சேர்த்துக் கொடுத்துக்கொள்வோம் என்று நெல்லின் ஜகாத்தைத் தள்ளிவைப்பது, ஏழையின் பசியை நாட்காட்டிக்குக் கட்டுப்படுத்துவதாகும்.

நீரைப் பொறுத்தே அளவு

விளைச்சலின் ஜகாத் எவ்வளவு? வானம் பொழிந்தும் ஊற்றுகள் சுரந்தும் விளைந்தவற்றில் பத்தில் ஒன்று; நீர் இறைத்துப் பாய்ச்சி விளைந்தவற்றில் இருபதில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் வகுத்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் ஆற்று நீரும் பத்தில் ஒன்றுக்குரியதாகவே இடம்பெறுகிறது (முஸ்லிம்).

இதிலுள்ள நீதியைப் பாருங்கள்! உழவனின் உழைப்பும் செலவும் கூடும்போது கடமை பாதியாகக் குறைகிறது. இறைவனின் அருள் உழைப்பின்றி வயலுக்கு வரும்போது ஏழையின் பங்கு இரட்டிப்பாகிறது.

நம் பள்ளத்தாக்கிற்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்துகிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீர், 1895ஆம் ஆண்டு பென்னிகுவிக் கட்டி முடித்த அணையினால் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. அந்த நீரை நம்பி லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு உரியதாக உள்ளது. மதகு திறந்தால் நீர் தானாகவே வாய்க்காலில் ஓடிவருகிறது. உழவர் மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிடுகிறார். இறைக்கும் வேலை இல்லை.

இத்தகைய வாய்க்கால் நீரை மழைநீரின் நிலையிலேயே வைத்து, பத்தில் ஒன்று கடமை என்கிறார்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். வாய்க்கால் வெட்டும் செலவு நிலத்தைப் பண்படுத்தும் செலவே அன்றி ஒவ்வொரு பயிருக்கும் நீர் இறைக்கும் செலவன்று என்பது இதன் காரணம். நீருக்கு விலை கொடுக்க நேர்ந்தால் இருபதில் ஒன்று போதும் என ஹனஃபி அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். தண்ணீர்த் தீர்வை செலுத்துவோர் தம் நிலையை உள்ளூர் ஆலிமிடம் கூறித் தெளிவு பெறுவது நலம்.

கிணற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் மோட்டார் வைத்து இறைத்தால் இருபதில் ஒன்று. தமிழகத்தில் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கிணறு வெட்டுதல், மோட்டார், குழாய், பழுதுபார்ப்பு என்னும் சுமைகள் உழவரையே சார்ந்திருப்பதால் சலுகை நீங்குவதில்லை. வாய்க்கால் நீரும் கிணற்று நீரும் கலந்து பாய்ந்தால் எது மிகுதியோ அதைக் கொள்ள வேண்டும்; சரிபாதி எனில் 7.5 விழுக்காடு என்பது அறிஞர்களின் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவருக்கு 60 மூட்டை நெல் விளைந்தது எனக் கொள்வோம். முழுவதும் வாய்க்கால் நீர் எனில் 6 மூட்டை. முழுவதும் மோட்டார் இறைவை எனில் 3 மூட்டை. இரண்டும் சரிபாதி எனில் நாலரை மூட்டை. இவ்வளவுதான் கணக்கு!

நெல்லும் திராட்சையும் ஏலமும்

எந்த அளவு விளைந்தால் கடமையாகும்? ஐந்து வஸக்கிற்குக் குறைந்ததில் ஜகாத் இல்லை என்னும் நபிமொழியை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு வஸக் 60 ஸாஉ. ஐந்து வஸக் 300 ஸாஉ. இன்றைய எடையில் ஏறத்தாழ 650 கிலோ எனப் பலரும் கணக்கிடுகின்றனர். ஸாஉவின் அளவில் கருத்து வேறுபாடு இருப்பதால் ஹனஃபி கணக்கில் இது இன்னும் கூடும். உமியுடன் சேமிக்கப்படும் நெல்லுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் பத்து வஸக் கூறப்பட்டுள்ளது. ஆனால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, நிலம் விளைவித்தது குறைவாயினும் நிறைவாயினும் உஷ்ர் உண்டு என்கிறார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் ஐந்து வஸக்கை நிபந்தனையாக்குகின்றனர். இந்திய நிலங்கள் உஷ்ருக்குரியவையா என்னும் விவாதமும் ஹனஃபி அறிஞர்களிடையே நிகழ்ந்ததுண்டு. எனினும் ஐயத்திற்கு இடமின்றிக் கடமையிலிருந்து விடுபடக் கொடுப்பதே பேணுதல்.

2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நம் மண்ணின் பெருமை. திராட்சைக்கு ஜகாத் உண்டு என்பதில் மத்ஹபுகள் ஒத்திருக்கின்றன. உலர்ந்த திராட்சையாக மதிப்பிட்டு அளவு காண்பது முன்னோர் வழி. நம் பன்னீர் திராட்சை உலர்த்தப்படாமல் பழமாகவே விற்கப்படுவதால், பழத்திலிருந்தோ, ஹனஃபி முறைப்படி அதன் விலையிலிருந்தோ கொடுக்கலாம். கொடியில் இருக்கும்போதே வியாபாரியிடம் விலை பேசுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பழம் பக்குவப்பட்ட பின் விற்றால் கடமை விற்றவர் மீதே உள்ளது. பக்குவம் வெளிப்படுமுன் பழத்தை விற்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

வாழைக்கும், காய்கறிக்கும், போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு வரும் ஏலக்காய்க்கும் ஹனஃபி மத்ஹபில் உஷ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அடிப்படை உணவாகச் சேமிக்கப்படுபவற்றிற்கே அக்கடமை. ஏலத்தை விற்ற பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு தங்கினால் இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். இப்பகுதியின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்போர் இதனை மறந்துவிடலாகாது.

குத்தகையும் கடனும்

குத்தகை நிலத்தில் கடமை யார் மீது? பயிரின் உரிமையாளராகிய குத்தகைதாரர் மீதே என்பது பெரும்பான்மையோர் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) நில உரிமையாளர் மீது என்கிறார்கள். வாரத்திற்கு விட்டிருந்தால் அவரவர் தம் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் நடைமுறை.

உரம், உழவு, ஆள்கூலி ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாமா? ஷரீஅத் நீர்ச் செலவைக் கருதி முன்பே பாதியைக் குறைத்துவிட்டதால் வேறு செலவுகளைக் கழிக்கலாகாது என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆனால் பயிருக்காகப் பட்ட கடனை முதலில் தீர்த்துவிட்டு எஞ்சியதில் கொடுக்கலாம் என்னும் கருத்து இப்னு உமர், இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இருவரிடமிருந்தும் அறிவிக்கப்படுகிறது. பயிர்க்கடனில் தத்தளிக்கும் சிறு உழவருக்கு இதில் ஆறுதல் உண்டு. வசதியுள்ளவர் இதனைக் காரணமாக்கித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

யாருக்குச் சேர வேண்டும்?

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60 வரையறுத்துள்ளது. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே வழங்கப்படும் என்பதை அறிவிக்குமாறு நபி (ஸல்) பணித்தார்கள் (புகாரி). எனவே நம் மஹல்லாவின் நிலமற்ற குடும்பங்களும், விதவைகளும், கடனாளிகளும் முதல் உரிமை உடையோர்.

இரண்டு எச்சரிக்கைகள்: அறுவடைக்கு வந்தவருக்குக் கொடுக்கும் கூலி, ஜகாத் ஆகாது, கூலி அவரது உழைப்பின் உரிமை. அதுபோலவே பொதுத் தருமம் வேறு, ஜகாத் வேறு. 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இன்றும் உத்தமபாளையத்தில் கல்வி வழங்கி வருகிறது. செல்வம் கல்விக்குப் பயன்படுவது நிலையான தருமம். அத்தகைய முன்னோர் வழி போற்றத்தக்கது. ஆனால் கட்டட நிதிக்கும் பள்ளிவாசல் விளக்கிற்கும் கொடுத்ததைக் காட்டி, ஏழைக்குரிய உஷ்ரை நிறுத்திக்கொள்ள இடமில்லை. உஷ்ர் ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டும்.

முன்பெல்லாம் நெல் களத்துமேட்டில் குவிக்கப்படும். தூற்றி அளக்கும் வரை ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழையும் களத்திற்கு வருவார். இன்றோ அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. வியாபாரியின் லாரி வரப்பிலிருந்தே ஏற்றிச் செல்கிறது. ஏழையின் கண்ணில் அந்த நெல் படுவதே இல்லை. கேட்க வருபவர் இல்லாத காலத்தில், தேடிச் சென்று கொடுக்கும் பொறுப்பு நம்முடையதாகிவிட்டது.

இரு தோட்டங்கள்

ஒரு தோட்டத்தின் கதையைத் திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயம் கூறுகிறது. அதன் உரிமையாளர்கள், ஏழை எவரும் நுழைந்துவிடாதபடி விடியற்காலையிலேயே கனிகளைப் பறித்துவிட வேண்டும் என்று சத்தியம் செய்தனர். இன்ஷா அல்லாஹ் என்றும் கூறவில்லை. அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே இரவில் தோட்டம் அழிந்தது. காலையில் சென்றவர்கள், வழி தவறி வேறிடம் வந்துவிட்டோமோ என்று திகைத்தனர்.

மற்றொரு தோட்டத்தை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழியில் காண்கிறோம் (முஸ்லிம்). இன்னாருடைய தோட்டத்திற்கு நீர் புகட்டு என்று மேகத்திற்கு இடப்பட்ட ஆணையை ஒருவர் கேட்டார். மேகம் கற்பாறை நிலத்தில் பொழிந்தது. அந்நீர் முழுவதும் ஓர் ஓடையில் திரண்டு ஓடியது. பின்தொடர்ந்து சென்றவர், மண்வெட்டியால் நீரைத் திருப்பிக்கொண்டிருந்த ஓர் உழவரைக் கண்டார். காரணம் கேட்டபோது அவ்வுழவர், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தருமம் செய்வதாகவும், ஒரு பங்கைக் குடும்பத்துடன் உண்பதாகவும், ஒரு பங்கை நிலத்திற்கே திருப்புவதாகவும் கூறினார்.

சகோதரர்களே! மலையில் பெய்த மழை, பாறைகளைக் கடந்து, வாய்க்கால் வழியே நம் வயலுக்கு வருகிறது. நாமும் மண்வெட்டியுடன்தான் நிற்கிறோம். அந்த உழவரிடம் மூன்றில் ஒன்று இருந்தது. நம்மிடம் கேட்கப்படுவதோ பத்தில் ஒன்று, அல்லது இருபதில் ஒன்று.

ஆகவே விதைக்கும்போதே நிய்யத் வையுங்கள். விளைச்சலை எடை போட்டவுடன் உஷ்ரைத் தனியே பிரித்துவிடுங்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அக்கணக்கை அறியட்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் போகத்திற்கு ஒருமுறை மஹல்லாவின் ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, அவர்களின் பங்கு அறுவடைக் காலத்திலேயே சேர ஏற்பாடு செய்யட்டும்.

நம் நிலங்களிலும் நீரிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவன் தந்ததில் ஏழையின் பங்கைக் குறைவின்றிக் கொடுத்துவிடும் நல்லோராக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக! ஆமீன்.