கோடையில் ஒரு சட்டை

வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, இயற்கை வேளாண்மைக்கு வந்து ஏழு வருஷமாகிறது. போன பங்குனியில் வரப்பில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. "மூணு மாசம் வயல்ல இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அறுவடை முடிந்த நேரம், பயிருக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து வெறும் வயலையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு கெட்டுப்போகும்.

பரணில் என் துணைவியாரின் தையல் மெஷின் கிடந்தது. கையால் சுற்றும் பழைய மெஷின். காலுக்கு வேலையில்லை. அவருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. "நீங்க கோத்துக் குடுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றார். தைப்பதுதான் தைக்கிறோம், துணிக்கு நாமே அச்சும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இது நமக்குப் புதுசு இல்லை. சோழமண்டலக் கரையில் சாயமேற்றிய பருத்தித் துணி ஐரோப்பா முழுக்கப் போயிருக்கிறது. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து 1686இல் பிரான்சும், 1721இல் இங்கிலாந்தும் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை போட்டன. தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி வேலை நடக்கிறது. சிவப்புக்கு இம்பூரல் வேர், நீலத்துக்கு அவுரி. பசுந்தாள் உரமாக நாம் மடக்கி உழுகிற அதே அவுரிதான்.

நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

துணி: மூன்று மீட்டர் கைத்தறிக் காடாத்துணி. பாலியஸ்டர் கலந்திருந்தால் இந்தச் சாயம் பிடிக்காது. முதலில் கஞ்சி போக வேண்டும். ஒரு ராத்திரி ஊறவைத்து, சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். நான் முதல் தடவை சும்மா அலசிவிட்டு அச்சுப் போட்டேன். கஞ்சி இருந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக வந்து, அந்தத் துணி இப்போது சாக்குக்கு ஒட்டுப்போட உதவுகிறது. துணி சுருங்குவதும் இந்தக் கொதியிலேயே முடிந்துவிடும். பிறகு வெட்டினால் அளவு மாறாது.

கடுக்காய்: 100 கிராம் துணிக்கு 20 கிராம் தூள். கொட்டையை நீக்கிவிடுங்கள், துவர்ப்பு சதையில்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து வெயிலில் காயவைக்க வேண்டும். அலசக் கூடாது. துணி இளமஞ்சளாக இருக்கும்.

கறுப்பு மை: துருப்பிடித்த ஆணி, உடைந்த அரிவாள் துண்டு, வெல்லம், தண்ணீர். மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி 20 நாள் விட்டேன். வெல்லம் புளித்துப் புளித்து இரும்பைக் கரைக்கிறது. பெயின்ட் அடித்த இரும்பைப் போடாதீர்கள். வடிகட்டிய தண்ணீரில் புளியங்கொட்டைத் தூளைக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் மை ஓடாமல் நிற்கும்.

மேசை மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் துணியை விரித்து அச்சுப் போடுங்கள். அச்சுக்கட்டை இல்லையா? முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள், பூ தயார்! வைக்கும்போது மை சாம்பலாகத் தெரியும். நம் கண் முன்னாலேயே கறுப்பாகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, அவ்வளவுதான் சூட்சுமம். மை அதிகமாகக் கூடாது, இரும்பு நாளாவட்டத்தில் துணியை அரித்துவிடும். இரண்டு நாள் காயவிட்டு, நிறையத் தண்ணீரில் விரித்தபடி அலசுங்கள். மடித்து அலசினால் கறை ஒட்டிக்கொள்ளும்.

சிவப்பு வேண்டுமென்றால் மையில் இரும்புத் தண்ணீருக்குப் பதில் படிகாரக் கரைசல். காய்ந்து அலசிய பின் மஞ்சிட்டி வேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் அழுத்தமாகச் சிவக்கும். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். இந்தப் பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

தைப்பு: நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்து, துணி மேல் வைத்துக் கோடு போட்டேன். சுற்றிலும் அரை அங்குலம் கூடுதல் விட்டு வெட்டினேன். பூ எல்லாம் ஒரே திசையில் நிற்கிறதா என்று கத்திரி வைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காலர் மூன்று தடவை பிரிக்க வேண்டியதாயிற்று. காஜா அவர் கையாலேயே எடுத்தார், கண்ணால் இல்லை, விரலால் தடவிப் பார்த்து. பிள்ளைகள் சட்டையெல்லாம் அவர் தைத்த காலத்தில் நான் ஊர் ஊராக மாற்றலில் இருந்தேன். அதில் எவ்வளவு வேலை இருந்தது என்று அறுபத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய பழக்கம், கணக்கும் எழுதினேன். துணி, சரக்கு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள். என் உழைப்பு ஒன்பது நாள். கூலி போட்டால் கட்டுபடியாகாது. வியாபாரம் என்று இதில் இறங்காதீர்கள். வயல் ஓய்ந்திருக்கும் நாளில், வீட்டுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள். நஞ்சில்லாமல் சாப்பிட இவ்வளவு பாடுபடுகிறோம், மேலே போடுகிற துணியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வரும் மழைக்கு எங்கள் கரிசல் துண்டில் கருங்கண்ணிப் பருத்தி போடலாம் என்றிருக்கிறேன்.

ஆடியில் கால் சரியாகி, வயலில் இறங்கிவிட்டேன். மெஷினை மட்டும் பரணில் ஏற்றவில்லை. அடுத்து அவருக்கு ஒரு ரவிக்கை. அளவு எடுக்கத்தான் பயமாக இருக்கிறது!