குற்றம் திட்டத்திலா, காலிலா?

உதைபந்தாட்டத்தில் மத்தியஸ்தரின் இறுதி ஊதல் கேட்டவுடன் இன்னோர் ஆட்டம் ஆரம்பமாகின்றது. அதற்கு நேர எல்லையுமில்லை. நடுவு நிலைமை வகிப்பாருமில்லை. ஊர்காவற்றுறையிலோ கரம்பொனிலோ போட்டியைக் கண்டு களித்துவிட்டுத் தேநீர்க் கடையொன்றில் சிறிது நேரம் நின்றவர்களும், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தவர்களும் இதனை நன்கறிவர். தோற்ற கட்சிக்கு வேண்டியவர்கள் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள்.

“சொல்லிக் குடுத்தது எல்லாம் சரி மாஸ்டர், பொடியள்தான் விட்டிட்டாங்கள்” என்பது ஒரு சாரார் கூற்று. “ஆளில்லாத இடத்துக்குப் பந்தை அடியெண்டு சொன்னால் பொடியள் என்ன செய்யிறது?” என்பது மறு சாரார் மறுப்பு. முன்னவர் பயிற்றுநரின் நண்பராகவும், பின்னவர் ஆட்டக்காரன் ஒருவனின் மாமனாராகவும் இருப்பது பெரும்பாலும் வழக்கம்.

வெறும் பொழுதுபோக்கென்று இதனைத் தள்ளிவிடலாகாது. பட்டினத்தில் கோலைத் தவறவிட்ட இளைஞன் மறுநாளே கூட்டத்தில் மறைந்துவிடுகின்றான். தீவில் அவ்வாறன்று. பதினாறு வயதில் வெறும் கோலின் முன்னின்று பந்தை வெளியே உதைத்தவனை, அவனுக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னரும் அந்தப் பந்தின் பெயராலேயே அடையாளங் காட்டுகின்ற ஊர்கள் நம்முடையவை. ஆகவே குற்றம் யாருடையது என்பதைச் சரியாக நிர்ணயித்தல் ஒருவகையில் நீதி வழங்கும் காரியமுமாகும்.

உலகறிந்த ஓர் ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நம் தீவுகளிலும் பலர் கண்விழித்துப் பார்த்தனர். ஆர்ஜென்டீனாவின் பயிற்றுநர் ஸ்கலோனி, காயம் காரணமாக அரையிறுதியில் ஆடாதிருந்த டி மரியாவை இடப்புறத்தில் நிறுத்தினார். பிரான்ஸ் இதனை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. முதலாவது தண்ட உதையைப் பெற்றுக் கொடுத்தவரும் அவரே. 36ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தவரும் அவரே. 64ஆவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்து, பின்காவல் வீரரான அகூனியாவை உள்ளே அனுப்பினர். 80ஆம், 81ஆம் நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல்களை அடிக்க, ஆட்டம் சமநிலையாயிற்று. மேலதிக நேரத்தின் பின் 3–3 என்றாகி, தண்ட உதைகளில் 4–2 என ஆர்ஜென்டீனா வென்றது.

அந்த மாற்றம் பிழையா? இன்றும் வாதிப்போர் உளர். முப்பத்துநான்கு வயதில், காயத்திலிருந்து மீண்ட ஒருவர் முழு நேரமும் அவ்வாறு ஓடியிருக்க முடியாது. அவரை எடுத்தது பிழையன்று என்பதே என் கருத்து. ஆனால் அவரிடத்துக்கு யார் வருகின்றார் என்பது களத்தில் நிற்கும் மற்றைய பத்துப் பேருக்கும் வாய் திறவாமல் இடப்படும் கட்டளையாகும். தாக்குபவர் போய்க் காவலர் வந்தால், “இனிக் காப்பாற்றுங்கள்” என்று பொருள். கால்கள் அதற்குக் கீழ்ப்படிந்தன. அதே ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானி தனித்து நின்று உதைத்த பந்தைக் காப்பாளர் மார்ட்டினேஸ் நீட்டிய காலினால் தடுத்தார். அதில் எந்தப் பயிற்றுநருக்கும் புகழுமில்லை, பழியுமில்லை. அரை சாண் அப்பால் சென்றிருந்தால் வரலாறே வேறு.

நிற்க. நம் ஊர் மைதானத்துக்கு வருவோம். இங்கே இரு கட்சியினருக்கும் பொதுவான பகைவன் ஒருவனுண்டு, அவன் காற்று. சோளகம் வீசும் மாதங்களில், மறைப்பின்றிக் கடலை நோக்கிய வெளியொன்றில் உயர அடித்த பந்து அடித்தவனையே தேடி வருவதை நாம் கண்டிருக்கின்றோம். காற்றோடு ஆடும் பாதியில் நெடும்பந்து நல்ல தந்திரம். ஆயினும் அப்பொழுதுங்கூடப் பந்து முன்னணி வீரனைக் கடந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஓடிவிடுவதுண்டு. எதிர்க்காற்றில் ஆடும் பாதியிலோ பந்து தரையோடு தரையாகக் குறுகிய தூரங்களில் கைமாற வேண்டும். கைமாற என்றா சொன்னேன், கால்மாற வேண்டும். இதனை அறியாதார் தீவில் எவருமில்லை. பாய் விரித்துக் கடலோடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி யான் உபதேசிப்பதா? அறிந்திருந்தும் பின்காவலர் பந்து கிடைத்தவுடன் வானத்தை நோக்கி உதைப்பது ஏன்? குறும்பந்தால் முன்னேறும்படி பயிற்றுநர் சொல்லியிருப்பார். ஆனால் அவசரத்தில் கால் தான் பழகியதையே செய்யும். அங்கேதான் வாதத்தின் முடிச்சு இருக்கின்றது.

அந்த முடிச்சை அவிழ்த்த பெரியார் ஒருவர் ஐதராபாத்தில் வாழ்ந்தார். சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் நாமம். அண்மையில், 2024இல், ‘மைதான்’ என்ற திரைப்படத்தின் மூலம் இளைஞர் பலர் அவரை அறிந்தனர். அவர் பாடசாலை ஆசிரியராகவும் பணிபுரிந்தவர் என்பதில் எம்போன்றோருக்குத் தனி மகிழ்ச்சியுண்டு. அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யூகோசிலாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. வீரர் பலர் சப்பாத்தின்றி ஆடினர். குற்றம் காலில்தான் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா! ரஹீம் அவ்வாறு சொல்லி அமர்ந்துவிடவில்லை. சப்பாத்தணிந்து ஆடப் பழக்கினார். முன்னணியின் அமைப்பை மாற்றினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை விடுத்து, ஒரே தொடுகையில் அடுத்தவனுக்குக் கொடுக்கும் முறையை வளர்த்தார். இதற்காக அவர் பந்தை வெட்டி ஓடுவது தடைசெய்யப்பட்ட போட்டிகளையும், பழக்கமில்லாத காலினால் மட்டுமே ஆடும் போட்டிகளையும் நடத்தினார். நான்காண்டுகளின் பின், 1956இல் மெல்பேர்னில், அவரது அணி அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களை அடித்தார். அரையிறுதியில் அதே யூகோசிலாவியாவுக்கெதிராக முதற் கோலை அடித்ததும் இந்தியாவே. இறுதியில் 4–1 எனத் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினர்.

1962இல் ஜகார்த்தாவில் நடந்தது இன்னும் சுவையானது. ஆசிய விளையாட்டு விழாவின் முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. அடுத்து, பின்காவலின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். வேறொரு பயிற்றுநர் அவரை ஓய்வெடுக்க விட்டிருப்பார். ரஹீமோ, கட்டுப்போட்ட தலையோடு அவரை முன்னணியின் நடுவில் நிறுத்தினார். அரையிறுதியில் அவர் கோலடித்தார். செப்டெம்பர் 4ஆம் திகதி அதே தென்கொரியாவுடன் நடந்த இறுதியாட்டத்திலும் அடித்தார். பி. கே. பானர்ஜி மற்றையதை அடிக்க, கோலைப் பீட்டர் தங்கராஜ் காக்க, 2–1 என்ற வெற்றியோடு தங்கப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் புற்றுநோயால் காலமானார். உதைபந்தாட்டத்தில் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் கிட்டவில்லை.

காவலரை முன்னே நிறுத்தியதைச் சூதாட்டம் என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உடல் வலிமையும் அஞ்சாமையும் கொண்ட அந்த ஒரு மனிதரால் எது முடியும் என்று பார்த்துத் திட்டத்தை அவருக்காக வெட்டித் தைத்திருக்கின்றார். திட்டத்தைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுபவர்களே நம்மிடம் அதிகம்.

தீவுகளில் இது இரட்டிப்பு உண்மை. 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் மீண்டவர் போக எஞ்சியவர் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றனர். சில பாடசாலைகளில் உரிய வயதுப் பிள்ளைகளை எண்ணினால் பதினொருவரைச் சேர்ப்பதே பாடு. ஆட்டக்காரனைத் தெரிந்தெடுக்கும் வசதி அங்கே பயிற்றுநருக்கு இல்லை. கைப்பேசியில் ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டத்தைப் பார்த்து, அதே முறையைத் திங்கட்கிழமை மைதானத்தில் கோடு கீறி விளக்குவது எளிது. இடக்கரையில் ஓடும் பையனுக்கு வலக்கால் மட்டுமே உண்டென்றால், எல்லைக் கோடுவரை சென்று பந்தை உள்ளே அனுப்பென்று கத்துவதில் யாது பயன்? அவன் நிச்சயமாக உள்ளே திரும்புவான். திரும்புமிடத்தில் மூன்று காவலர் நிற்பார்கள். கரையில் நிற்பவர்கள் அவனை ஏசுவார்கள்.

பாடசாலைப் போட்டியொன்றில் வெறும் கோலை விட்டுவிட்டு வந்த மாணவன் ஒருவனிடம், என்ன நடந்தது என்று விசாரித்தேன். அதுவரை ஒருவரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தனர். “சேர், பந்து இடக்காலுக்கு வந்தது. இடக்காலால நான் ஒருநாளும் அடிச்சுப் பழகேல்ல” என்றான். பயிற்றுநரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எண்ணினேன், கோபிக்கவில்லை. அடுத்த பயிற்சி நாள் முதற்கொண்டு அரை மணி நேரம் வலக்காலால் பந்தைத் தொடுவோர் வெளியேற வேண்டும் என்று விதி செய்துவிட்டார். முதல் வாரம் முழுவதும் பந்து பூவரச வேலிக்குள்ளேதான் கிடந்ததாம்.